சூட்டில் சரியாக இருக்கணும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப் போலத் திறப்பதில்லை. மட்கார்டு, முகவிளக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டே வர, முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழும். கவிழ்ந்த பிறகு இன்ஜின், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். அம்பாசடருக்குள் தலையை விட்டு இடுப்பு பிடித்துப்போனவர்கள் நிறைந்த செங்கல்பட்டுப் பட்டறைகளில் இந்த ஒரு வசதிக்காகவே ஹெரால்டுக்குத் தனி மரியாதை இருந்தது. "இத்த வரைஞ்சவன் ஒரு நாளாவது ஷெட்டுல குனிஞ்சு வேல பாத்துருப்பான்டா" என்பார் எங்கள் மேஸ்திரி. வரைந்தவர் ஜியோவானி மிச்செலோட்டி என்ற இத்தாலியர் என்பதை நான் வெகுகாலம் கழித்துத்தான் படித்தேன்.

மேஸ்திரி அந்தக் காரைச் செய்த ஆலையிலேயே வேலை பார்த்தவர். பெருங்களத்தூர் தாண்டி வண்டலூரை நெருங்கும் இடத்தில், ஜிஎஸ்டி சாலையோரம் இருந்தது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனியோடு கூட்டு. 1950களில் வேன்கார்டு, பிறகு ஸ்டாண்டர்டு டென், 1961 முதல் ஹெரால்டு, 1970களில் கெஸல். 1988-ல் எல்லாம் நின்றது. இன்று வண்டலூர் என்றால் பிள்ளைகளுக்கு உயிரியல் பூங்காவும் பெரியவர்களுக்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும்தான். அங்கே கார் செய்தார்கள் என்றால் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.

ஆலை நின்ற பிறகு மேஸ்திரி திருக்கழுக்குன்றம் சாலையில் ஓலைக்கொட்டகை போட்டு இன்ஜின் வேலை மட்டும் எடுத்துச் செய்துகொண்டிருந்தார். நான் ஐடிஐ-யில் மோட்டார் மெக்கானிக் முடித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். 1990களின் தொடக்கம் அது. சான்றிதழைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், மடித்துக் கொடுத்தார், மண்ணெண்ணெய் டப்பாவைக் காட்டினார்.

கழுவுவதுதான் முதல் பாடம். பிரித்த இன்ஜினின் ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, பழைய சேலையை விரித்து அதன் மேல் வரிசையாக அடுக்க வேண்டும். வரிசை மாறக்கூடாது. ஒன்றாவது சிலிண்டர் வால்வு ஒன்றாவதுக்கே திரும்பப் போகணும், புஷ் ராடும் அப்படியே. கழுவுகிறவன்தான் எல்லாவற்றையும் முதலில் பார்க்கிறான் என்பது கொஞ்ச நாளில் புரிந்தது. பேரிங் ஷெல்லில் ஒரு பக்கம் மட்டும் செம்பு தெரிகிறதா, பிஸ்டனின் ஓரத்தில் கறுப்பு இறங்கியிருக்கிறதா, சம்பின் அடியில் தேங்கிய சேற்றில் மின்னுவது அலுமினியமா வெள்ளீயமா என்றெல்லாம் மேஸ்திரி என்னிடம்தான் கேட்பார்.

அடுத்தது வால்வு தேய்ப்பது. உறிஞ்சி ஒட்டும் ரப்பர் வைத்த குச்சியை வால்வின் தலையில் அழுத்தி, சீட்டில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே குச்சியை மத்து கடைவதுபோல உருட்டணும். நாலு உருட்டு, கொஞ்சம் தூக்கிக் கால்வட்டம் திருப்பி மறுபடி நாலு. கரகரவென்று வரும் சத்தம் மெல்ல மழமழப்பாகும். துடைத்துப் பார்த்தால் வால்விலும் சீட்டிலும் விட்டுப்போகாத சாம்பல்நிற வளையம் ஒன்று தெரியணும். போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டு டீக்குப் போய்வருவோம். திரும்பி வரும்போது வால்வைச் சுற்றி ஈரம் தெரிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இதையெல்லாம் ஐடிஐ-யிலும் காட்டியிருந்தார்கள். அங்கே சொல்லாத ஒன்றை மேஸ்திரி முதல்முறை சிலிண்டர் அளக்கும்போது சொன்னார்.

ஹெரால்டின் இன்ஜின் 948 சிசி. போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. நாலு சிலிண்டர், கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். ஓடி ஓய்ந்த பிளாக் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, "விரலை உள்ள வுட்டு மேல கொண்டா" என்றார். சுவர் வழவழவென்று வந்து, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே நகம் ஒரு படியில் தட்டியது. மேல் ரிங் வந்து திரும்பும் இடம் அது. அதற்கு மேலே ரிங் போவதில்லை, ஆகவே தேய்வதில்லை. அதற்குக் கீழேதான் தேய்மானம் அதிகம். எரிகிற சூடு அங்கே அதிகம், ஆயில் போய்ச்சேருவது குறைவு, பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்புவதும் அங்கேதான். போர் கேஜை விட்டு அளந்தால் இன்னொன்றும் தெரியும்: தேய்ந்த சிலிண்டர் வட்டமாகவே இருக்காது. கனெக்டிங் ராடு சாய்வாக நின்று தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் சாய்ந்துகொண்டே இறங்கும். அந்தப் பக்கம் கூடத் தேயும்.

"சரி, தேஞ்ச சிலிண்டர் முட்டை வடிவம். புதுப் பிஸ்டன் இன்னா வடிவம்?" என்று கேட்டார். வட்டம் என்றேன். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தார். புதுப் பிஸ்டனும் வட்டமில்லை. கட்ஜன் பின் போகும் திசையில் குறுகலாகவும் குறுக்கே அகலமாகவும் இருந்தது. மேலே ஒரு அளவு, கீழே பாவாடைப் பகுதியில் ஒரு அளவு. செய்யும்போதே வேண்டுமென்றே அப்படிக் கடைகிறார்கள். கட்ஜன் பின் போகும் பக்கம் உலோகம் தடிமன், சூட்டில் அந்தப் பக்கம் அதிகமாக விரியும். அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. ஆகவே குளிர்ந்த நிலையில் கோணலாகக் கிடப்பது ஓடிச் சூடேறிய பிறகுதான் வட்டமாகிறது.

"நம்ம அளக்கறது பூரா செத்த இன்ஜினை. அது உசுரோட இருக்கறப்ப இன்னா அளவுன்னு மனசுல வச்சுக்கினுதான் இங்க அளக்கணும். சூட்டில் சரியா இருக்கணும். பச்சையா இருக்கும்போது சரியா இருந்தா தப்பு."

அந்தத் தொழிலில் நான் கற்றது எல்லாமே இதற்கு விளக்கவுரைதான். ரிங்கைச் சிலிண்டருக்குள் இறக்கி அதன் வாயில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்ப்பதும் இதற்காகவே. இன்ச் போருக்கு மூன்று நாலு தவ் (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி விடணும். விடாவிட்டால் சூட்டில் ரிங்கின் முனைகள் முட்டி, ரிங் உடைந்து சுவரைக் கீறும். டேப்பெட்டுக்கு ஹெரால்டில் பத்து தவ். வால்வுத் தண்டு சூட்டில் நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு சீட்டில் உட்காராது. உட்காராத வால்வு எரியும். பத்து தவ் டேப்பெட் காலையில் கொஞ்சம் டிக் டிக் என்று பேசும். வாடிக்கையாளர் சிலர் அந்தச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அடம்பிடிப்பார்கள். மேஸ்திரி சரி சரி என்று சொல்லிவிட்டு அதே பத்தை வைத்து அனுப்புவார்.

டேப்பெட் வைக்க ஒன்பது கணக்கு உண்டு. எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது ஒன்றாவதை வைக்கணும். ஏழு திறந்தால் இரண்டு, ஆறு திறந்தால் மூன்று, ஐந்துக்கு நாலு. கூட்டினால் ஒன்பது. ஒன்றாவது பிஸ்டனும் நாலாவதும் சேர்ந்தே ஏறி இறங்கும், ஆனால் ஒன்று அமுக்கும்போது மற்றது புகை தள்ளும். இரண்டும் மூன்றும் அப்படியே. அதனால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. காரணம் தெரியாமலே வாழ்நாள் பூராவும் ஒன்பது கணக்கு போட்ட கைகள் எத்தனையோ உண்டு. அவர்கள் வைத்த டேப்பெட் ஒன்றும் சோடை போகவில்லை.

ஷெட்டுக்கு மாதம் ஒருமுறையாவது வருவார் ஒரு பெரியவர். விமானப்படையில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து, கடைசியில் தாம்பரம் தளத்துப் பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். சேலையூரில் வீடு, நாலு கதவு ஹெரால்டு. நாங்கள் 'சார்' என்போம், மேஸ்திரி மட்டும் 'வாங்க ஏர்ஃபோர்ஸ்' என்பார். சார் தன் கார் இன்ஜினைத் தானே பிரிப்பார். அளப்பதற்கு மட்டும் எங்களிடம் கொண்டுவருவார். மேஸ்திரியோடு சண்டை போடுவதற்காகவும் வருவார் என்று நினைக்கிறேன்.

அவர்தான் ஒருநாள், "இந்த இன்ஜினைச் செஞ்ச கம்பெனி ஜெட் இன்ஜினும் செஞ்சிருக்கு, தெரியுமா?" என்றார். மேஸ்திரி நம்பவில்லை. நானும் நம்பவில்லை. உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் கவென்ட்ரி ஸ்டாண்டர்டு கம்பெனி, பேனர் லேன் என்ற இடத்தில் அரசுக்காக பிரிஸ்டல் ஹெர்குலிஸ் விமான இன்ஜின்களைச் செய்தது. போர் முடிந்ததும் அதே கட்டடத்தில் ஃபெர்குஸன் டிராக்டர். கொரியப் போர் வந்தபோது ரோல்ஸ்-ராய்ஸின் ஏவான் ஜெட் இன்ஜினுக்குத் தேவை எகிறியது. ரோல்ஸ்-ராய்ஸால் தனியாகச் சமாளிக்க முடியாமல் பிரிஸ்டல், நேப்பியர், ஸ்டாண்டர்டு என்று மூன்று கம்பெனிகளிடம் பிரித்துக் கொடுத்துச் செய்தார்கள். ஜெட் இன்ஜினுக்கு 1930-லேயே பேட்டன்ட் எழுதி, 1937 ஏப்ரலில் அதை ஓட்டியும் காட்டிய ஃபிராங்க் விட்டில் பிறந்த ஊரும் கவென்ட்ரிதான்.

சார் கைபட வேலை பார்த்தது ஹன்ட்டர் விமானங்களில். 1957 முதல் நம் விமானப்படையில் இருந்தவை, உள்ளே ஏவான். குண்டுவீச்சு விமானமான கேன்பெராவிலும் அதே ஏவான், இரண்டு. ஏவான் என்பது இங்கிலாந்தில் ஓடும் ஓர் ஆறு. ரோல்ஸ்-ராய்ஸ் தன் ஜெட்களுக்கு ஆற்றுப் பெயர் வைப்பது வழக்கம். "நம்ம ஊரா இருந்தா பாலாறுன்னு வச்சிருப்பான்" என்றார் மேஸ்திரி. "அதுல தண்ணி இருந்தா வச்சிருப்பான்" என்றார் சார்.

ஹன்ட்டர் ஸ்டார்ட் ஆவதை அவர் வாயால் கேட்கணும். காரைப்போல பேட்டரியும் மோட்டாரும் கிடையாது. ஐசோபுரொபைல் நைட்ரேட் என்ற திரவத்தைச் சின்ன டர்பைனுக்குள் எரியவிட்டு, அந்த வேகத்தில் பெரிய இன்ஜினைச் சுழற்றிவிடுவார்கள். ஒரு கூச்சல் கிளம்பும், காதைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்கணும். அந்தத் திரவம் எரிய வெளிக்காற்றுகூடத் தேவையில்லை என்பதால் அதைத் தொட்டுப் புழங்குவதே பயம். கேன்பெராவில் வேறு: துப்பாக்கித் தோட்டா மாதிரிப் பெரிய கார்ட்ரிட்ஜை வெடிக்கவைத்துச் சுற்றுவார்கள், கறுப்புப் புகை குபீரென்று வரும்.

நான் கேட்டது வேறு. ஜெட்டில் பிஸ்டன் இல்லை, ரிங் இல்லை, டேப்பெட் இல்லை. பின்னே எதை அளப்பீர்கள்? சார் சிரித்தார். "அதேதான். இடைவெளி." டர்பைன் பிளேடுகள் ஒரு சக்கரத்தின் விளிம்பில் செருகியிருக்கும். அவற்றின் அடிப்பாகம் ஊசியிலை மரத்தின் கிளைகள் மாதிரிப் படிப்படியாக வெட்டியிருக்கும். அந்தப் படிகள் சக்கரத்தில் வெட்டிய பள்ளத்தில் தளர்வாகத்தான் உட்காரும். இன்ஜின் நிற்கும்போது சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிளேடுகள் ஒவ்வொன்றாகக் கடகடவென்று ஆடும். புதிதாக வரும் பையன்கள் பயந்துவிடுவார்களாம், கழன்றுவிட்டது என்று. சுழற்சியின் வேகத்தில் பிளேடு வெளியே இழுபட்டு இறுகிக்கொள்ளும். சூட்டில் நீளும். அதன் நுனிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகமானால் வாயு வீணாகத் தப்பிப்போகும், குறைந்தால் உரசும். இரண்டுக்கும் நடுவே நிறுத்தணும்.

"பச்சையா இருக்கும்போது ஆடணும், சூட்டில் பிடிக்கணும்" என்றார் சார். மேஸ்திரி என்னைப் பார்த்த பார்வையில், 'நான் அப்பவே சொல்லல?' இருந்தது.

ஒரு வேறுபாடு உண்டு. அதையும் சார் விட்டுவைக்கவில்லை. கார் சிலிண்டருக்குள் நெருப்பு வந்து வந்து போகிறது. ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, சுவருக்கு வெளியே தண்ணீர் ஓடுகிறது. ஜெட்டில் நெருப்பு நிற்பதே இல்லை. டர்பைன் பிளேடு செக்கச்செவேலென்ற நிலையிலேயே மணிக்கணக்கில் சுழலணும். அந்தச் சூட்டில் உலோகம் உடைவதற்கு முன்பே மெல்ல மெல்ல நீண்டுகொண்டு போகும். போர்க்கால ஜெர்மனியின் ஜுமோ 004 இன்ஜின்களுக்கு நிக்கல், குரோமியம் தட்டுப்பாடு. ஆயுள் சுமார் 25 மணி நேரம். இங்கிலாந்தில் நிமோனிக் என்ற நிக்கல் கலவையைக் கண்டுபிடித்த பிறகுதான் ஜெட் இன்ஜின் தினசரி வேலைக்கு ஆகும் பொருளாயிற்று. கணக்கும் படமும் 1930லேயே இருந்தன. உலோகத்துக்குத்தான் பத்தாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஜெட்டைக் காரில் வைக்கலாமே என்று எந்தப் பையனுக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ரோவர் கம்பெனி போர்க்காலத்தில் விட்டிலின் இன்ஜினைச் செய்யும் பொறுப்பில் இருந்தது. 1943-ல் அந்த வேலையை ரோல்ஸ்-ராய்ஸிடம் கொடுத்துவிட்டு மாற்றாக டாங்கி இன்ஜின் வேலையை வாங்கிக்கொண்டது. ஆனால் ஆசை விடவில்லை. 1950-ல் ஜெட்-1 என்ற கேஸ் டர்பைன் காரைக் கொண்டுவந்தார்கள். 1952-ல் அது மணிக்கு 152 மைல் ஓடியது. 1963-ல் அமெரிக்காவில் கிரைஸ்லரும் டர்பைன் கார் செய்து பொதுமக்களிடம் ஓட்டக் கொடுத்துப் பார்த்தது. எதுவும் கடைக்கு வரவில்லை. முழு வேகத்தில் டர்பைன் ராஜா. சும்மா நிற்கும்போதும் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். பொங்கல் விடுமுறைக்குப் பரனூர் டோல்கேட்டில் வரிசையில் நின்றவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். நேர்கோட்டில் வேகம் மட்டும் போதும் என்றால் கதை வேறு: 1983-ல் ரிச்சர்டு நோபிள் தரைவேகச் சாதனை படைத்த திரஸ்ட்-2 காருக்குள் இருந்ததும் ஒரு ஏவான்தான். மணிக்கு 633 மைல்.

ஷெட்டில் நான் அதிகம் கற்றது ஒரு வேன்கார்டு இன்ஜினில். சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு தோப்பு வீட்டில் பல காலம் நின்றுபோயிருந்த கார். கடற்கரையில் நிற்கும் வண்டிக்குக் காற்றே எமன். உப்பு பானெட்டுக்குள் மட்டும் போவதில்லை. திறந்து நிற்கும் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள்ளும் போய் ரிங்கைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். (கடலோரத் தளங்களில் ஜெட்டின் கம்ப்ரஸர் பிளேடில் உப்புப் படியும் என்று தண்ணீர் விட்டுக் கழுவுவார்களாம். சார் சொன்னது.) டீசலும் பிரேக் ஆயிலும் கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றி ஊறப்போட்டு, ஃபிளைவீலில் கம்பி கொடுத்து, முன்னும் பின்னும் மயிரிழை மயிரிழையாக அசைத்துத்தான் விடுவித்தோம். பலம் போட்டுத் திருப்பியிருந்தால் ரிங் போயிருக்கும்.

அந்த இன்ஜின் 1947-ல் வந்தது. 2088 சிசி, போர் 85, ஸ்ட்ரோக் 92. ஹெரால்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு, இதில் சிலிண்டர் பிளாக்கோடு ஒட்டியதில்லை. தனித்தனிக் குழாயாக லைனர் நிற்கும், அதைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடும். லைனர் தேய்ந்தால் உருவிவிட்டுப் புதிது இறக்கலாம், போர் பண்ணும் மெஷினே வேண்டாம். லைனரை 83 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் 1991 சிசி. டிரையம்ஃப் டிஆர்-2 ஸ்போர்ட்ஸ் காரில் அதுதான். ஃபெர்குஸன் டிராக்டரிலும் இதே குடும்பம். உழவுக்கும் ரேஸுக்கும் ஒரே பிளாக்.

இதில் உயிர்நிலை ஓரிடம்தான். லைனர் இறங்கி அடியில் எட்டு வடிவப் பேக்கிங்கின் மேல் உட்காரும். உட்கார்ந்த பிறகு அதன் மேல்விளிம்பு பிளாக்கின் முகத்தைவிட மூன்று முதல் ஐந்து தவ் வரை மேலே நிற்கணும். ஹெட்டை இறுக்கும்போது அந்த உபரிதான் லைனரை அமுக்கிப் பிடிக்கும். குறைந்தால் தண்ணீர் சம்புக்குள் இறங்கும், ஆயில் பால் நிறமாகும். மேஸ்திரி பிளாக்கின் மேல் நேர்கோல் வைத்து, லைனர் விளிம்புக்குப் பக்கத்தில் ஃபீலர் விட்டு அளந்தார். பிறகு கேஜை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விளிம்பைத் தடவினார். "மூணாவது கம்மி" என்றார். மறுபடி அளந்தோம். மூன்றாவதுதான் குறைவு. பேக்கிங்கை மாற்றி மறுபடி இறக்கினோம். ஹெட் இல்லாதபோது கிராங்கைச் சுற்றவே கூடாது, லைனர் எழும்பிவிடும் என்று இரண்டு போல்ட்டும் வாஷரும் போட்டு அமுக்கி வைத்தது என் வேலை.

எந்தப் படத்திலும் கட்டைவிரலைக் காட்டுவதில்லை. இங்கேதான் மேஸ்திரிக்கும் சாருக்கும் தகராறு வரும்.

வண்டலூர் ஆலை 1985-ல் கடைசியாக ஸ்டாண்டர்டு 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடம்பு ரோவரின் எஸ்டி-1, இங்கிலாந்தில் அது 3,500 சிசி வி-8 இன்ஜினோடு ஓடியது. இங்கே உள்ளே வைத்தது 1,991 சிசி பழைய வேன்கார்டு இன்ஜின், அதாவது 1947-ல் பிறந்தது. மாருதி 800 வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்ட சந்தையில் அது எண்ணெய் குடித்தது, விலையும் அதிகம். மூன்று வருஷத்தில் கதை முடிந்தது. அதே காலத்து கன்டெஸாவையும் பாருங்கள்: வாக்ஸ்ஹால் உடம்பு, உள்ளே அம்பாசடரின் பழைய 1,489 சிசி இன்ஜின்.

சார் இதைச் சொல்லிக் காட்டும்போதெல்லாம் மேஸ்திரிக்குக் கோபம் வரும். "எங்கள இன்னா பண்ணச் சொல்ற? லைசென்ஸ்ல இன்னா எழுதியிருக்கோ அதத்தான பண்ண முடியும்" என்பார். அதிலும் நியாயம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்தாலும் கார் வாங்க ஆள் இருந்த நாட்டில், எந்த முதலாளி புது இன்ஜினுக்குப் பணம் போடுவார்?

ஆனால் சார் கார்க்காரர்களை மட்டும் குறை சொல்லவில்லை. தன் சொந்த வீட்டைத்தான் அதிகம் திட்டுவார். ஜெர்மனியின் கூர்ட் டாங்க் பெங்களூர் எச்ஏஎல் விமான ஆலைக்கு வந்து வரைந்த மாருத் விமானம் 1961 ஜூன் 17-ல் பறந்தது. அவ்வளவு அழகான உடம்பு. அது ஒலியைவிட வெகுவேகமாகப் போகத்தக்க வலுவான இன்ஜினை எதிர்பார்த்து வரைந்தது. அது ஆர்ஃபியஸ் இன்ஜினின் ஒரு ரகம். அதை முடிக்க இங்கிலாந்து நம்மிடம் பணம் கேட்டது, நாம் கொடுக்கவில்லை. எகிப்தில் செய்துகொண்டிருந்த ஓர் இன்ஜினைப் பொருத்திப் பார்க்க மாருத் ஒன்றை அங்கேயே அனுப்பினார்கள், அதுவும் கைகூடவில்லை. கடைசிவரை நேட் விமானத்துக்குச் செய்துகொண்டிருந்த சின்ன ஆர்ஃபியஸ் இரண்டை வைத்துத்தான் மாருத் பறந்தது. 1989-ல் தொடங்கிய காவேரி இன்ஜினும் தேஜஸ் போர் விமானத்துக்குள் போகவில்லை. 2001 ஜனவரி 4-ல் தேஜஸ் பறந்தது அமெரிக்க இன்ஜினில்.

ஆக வண்டலூரிலும் பெங்களூரிலும் ஒரே கதை: உடம்பு புதுசு, நெஞ்சு பழசு அல்லது அடுத்தவனுடையது. என் அபிப்பிராயம் இரண்டு பேருக்கும் நடுவில். உடம்பைப் படம் பார்த்துச் செய்துவிடலாம், தகட்டுக்குச் சூடு கிடையாது. இன்ஜினின் படத்தில் இருப்பது பச்சை அளவு. சூட்டு அளவைப் படத்தில் எழுதிக் கொடுப்பதில்லை. ஆயிரம் இன்ஜினை உடைத்துப் பார்த்தவனிடம்தான் அது இருக்கிறது. நாம் படத்துக்குப் பணம் கொடுத்தோம், உடைப்பதற்குக் கொடுக்கவில்லை. எம்ஐடி-யில் படித்த அப்துல் கலாம் குரோம்பேட்டையிலிருந்து நேராக எச்ஏஎல்-க்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்குக் கிடைத்த முதல் வேலையே பழைய பிஸ்டன் இன்ஜினையும் டர்பைன் இன்ஜினையும் பிரித்துச் சரிபார்ப்பதுதான். கிராங்க் தேய்ந்திருக்கிறதா, ராடு முறுக்கிக்கொண்டதா என்று பார்த்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நல்ல தொடக்கம்தான். அது மெக்கானிக் வேலை என்று ஒதுக்கும் பட்டதாரிகளைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன்.

ஒரே இன்ஜினை மாற்றாமல் பல வருஷம் விற்றது வாங்கியவர்களுக்குத் துரோகம். ஆனால் என்னைப் போன்ற பட்டறைப் பையன்களுக்கு அது கொடுப்பினை, சும்மா சொல்லக்கூடாது. 948 சிசி இன்ஜின் எந்தத் தெருவில் ஓடினாலும் ஒன்றேதான். சோழவரத்தில் ரேஸ் ஓடிய ஹெரால்டுகளிலும் அடிப்படை அதுதான். ஒன்றை முழுசாகத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு அது நின்று கொடுத்தது. இன்று மூன்று வருஷத்துக்கு ஒரு இன்ஜின் மாறுகிறது, பிரிக்காமலே பழையதாகிவிடுகிறது.

கேட்பதைக் கற்றுக்கொடுத்ததும் இருவரும்தான். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் வைத்தால் எந்த பேரிங் தட்டுகிறது என்று தெரியும். மெயின் பேரிங் கனத்த சத்தம், லோடு ஏறும்போது கேட்கும். ராடு பேரிங் ஆக்சிலேட்டரை விட்டுவிடும்போது கேட்கும். பிஸ்டன் தட்டுவது காலையில் மட்டும், சூடேறினால் மறையும். சாரும் கேட்டுத்தான் பழகியவர். ஏவானை அணைத்ததும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காற்று வாயில் பக்கம் நிற்பார்களாம். சுழற்சி நிற்க எத்தனை விநாடி, கடைசிச் சுற்றுகளில் எங்காவது உரசுகிறதா. வழக்கத்துக்கு முன்பே நின்றுவிட்டால் அந்த விமானம் அன்று பறக்காது.

வேன்கார்டு ஓடத் தொடங்கியதும் நாங்கள் அதைத் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை ஓட்டிப் போனோம். புது ரிங்குக்கு ஒரே வேகம் ஆகாது. ஏற்றி இறக்கி, இழுத்து விட்டு ஓட்டணும், அப்போதுதான் ரிங் சுவரோடு பழகும். மேஸ்திரி ஓட்ட, நான் டெம்பரேச்சர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் தொடவிடவில்லை. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் மறுபடி இறுக்கினோம். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் போனது. முதல் சூட்டில் பேக்கிங் அமுங்கியிருக்கும் என்று தெரிந்தவன்தான் இரண்டாவது முறை ஸ்பேனரை எடுப்பான். ஹெட் இறங்கியதால் டேப்பெட் இடைவெளியும் குறைந்திருந்தது. எட்டையும் மறுபடி வைத்தேன்.

இப்போது என் சொந்தப் பட்டறை மறைமலை நகர்ப் பக்கம். பெரும்பாலும் ஸ்கேனர் வேலை. ஹெரால்டும் கெஸலும் வருஷத்துக்குச் சிலது வரும், பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்களிடமிருந்து. சாமான் இங்கே கிடைக்காது. ஆனால் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயரில் அதே குடும்பத்து இன்ஜின் என்பதால் பேரிங், பேக்கிங், ரிங் எல்லாம் இங்கிலாந்திலிருந்து தபாலில் வருகிறது, ஓவர்சைஸ் சொல்லி வாங்கலாம். இந்த இன்ஜினில் ஒரு பிறவிக் குறை: கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கப் பின் பேரிங்கில் இரண்டு அரைவட்ட வாஷர்தான். கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பாரம் அதன் மேல் விழும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் சம்புக்குள் விழுந்தால், கிராங்க் பிளாக்கையே அரைக்கத் தொடங்கும். அதனால் எந்த ஹெரால்டு வந்தாலும் முதலில் ஒரு பையனைக் கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் புல்லியைப் பார்ப்பேன். இப்போது ஷெட்டில் நிற்கும் கெஸலில் புல்லி கண்ணுக்குத் தெரிந்தே நகர்கிறது. சம்பைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன்.